அசையும் குற்றிழையில் எத்தனை புரதங்கள்: 130-ஆ, 214-ஆ, 360-ஆ, 688-ஆ?

கேள்வி: கடலோர மாணவி

வணக்கம். நான் உயிர்வேதியியல் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி. அடுத்த மாதம் எங்கள் துறைக் கருத்தரங்கில் அசையும் குற்றிழைகளின் (செல்லின் மேல் மயிர்போல் நீண்டு அசையும் சிலியாவின்) புரத அமைப்பைப் பற்றித் தமிழில் பேச இருக்கிறேன். சுற்றிலும் ஒன்பது இரட்டைக்குழல்களும் நடுவில் ஒரு சோடி நுண்குழல்களும் உள்ள ஆக்ஸோனீம் என்ற குற்றிழையின் உட்சட்டகப் படத்தைப் பள்ளி நாளிலிருந்தே வரைந்து வருகிறேன். அதில் எனக்குச் சிக்கல் இல்லை. அந்தப் படத்துக்குள் மொத்தம் எத்தனை வகைப் புரதங்கள் இருக்கின்றன என்று ஒரு வரி எழுத முயன்றபோதுதான் தடுமாறினேன்.

கிளாமிடோமோனாஸ் என்ற ஒருசெல் பாசியின் கசையிழையை (அதே அமைப்புள்ள நீண்ட குற்றிழையை) 1977-இல் இருபரிமாண ஜெல்லில் ஓட்டியவர்கள் 130-க்கும் மேற்பட்ட புரதங்களைக் கண்டதாகக் கூறுகிறார்கள். மனித மூச்சுக்குழல் செல்களின் குற்றிழையை ஆராய்ந்த 2002-ஆம் ஆண்டுக் கட்டுரையில் 214 என்று இருக்கிறது. 2004-இல் வந்த ஒரு மரபணுத்தொகை ஒப்பீடு 688 என்கிறது. 2005-இல் மீண்டும் அதே பாசியை வைத்து 360 என்றும், அவற்றோடு உறுதி குறைந்த 292 என்றும் எழுதியிருக்கிறார்கள். எண்ணிக்கை ஏறுவது கருவிகள் மேம்பட்டதால் என்று எண்ணினேன், ஆனால் 688-க்குப் பிறகு 360 வருவதை அந்த விளக்கத்தில் அடக்க முடியவில்லை. இவற்றில் எதை எழுதுவது?

இன்னொரு ஐயமும் உண்டு. குற்றிழையின் பெரும்பகுதி, நுண்குழல்களை ஆக்கும் புரதமான டியூபுலின்தான் என்று எல்லாப் பாடநூல்களும் சொல்கின்றன. ஆனால் நிறை நிறமாலை முடிவுகளைப் பெப்டைடு (வெட்டிய புரதத் துண்டு) எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்தினால், குற்றிழையை அசைக்கும் மோட்டார் புரதமான டைனீனின் கனச்சங்கிலிகள் தலைமேல் நிற்கின்றன, டியூபுலின் கீழே இறங்கிவிடுகிறது. பாடநூல் தவறா, அல்லது நான் அட்டவணையைப் படிக்கும் முறை தவறா?

மறுமொழி 1: பழுப்புப்பெட்டி

உங்கள் நான்கு எண்களும் ஒரே பொருளை நான்கு முறை எண்ணியதால் வந்தவை அல்ல. ஒவ்வொன்றும் எதை எண்ணியது என்று பிரித்துப் பார்த்தால் முரண்பாடு பெரும்பாலும் கரைந்துவிடும்.

1977-ஆம் ஆண்டு ஆய்வு ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் டேவிட் லக்கின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. அவர்கள் எண்ணியது ஜெல்லில் தெரிந்த புள்ளிகளை. டைனீன் கனச்சங்கிலி போன்ற பேருருவப் புரதங்கள் அந்த வகை ஜெல்லுக்குள் எளிதில் நுழைவதில்லை. குறைந்த அளவில் உள்ளவை சாயத்தில் தெரிவதில்லை. ஆகையால் அந்த எண்ணைக் குறைந்தபட்சம் என்றுதான் கொள்ள வேண்டும். ஆனாலும் அந்த வேலையை நான் பெரிதும் மதிக்கிறேன், ஏனெனில் அவர்கள் வெறும் பட்டியல் போடவில்லை. கசையிழை செயலிழந்த திரிபு வகைகளையும் இயல்பான வகையையும் பக்கத்தில் வைத்து, எந்தப் புள்ளிகள் காணாமல் போகின்றன என்று பார்த்தார்கள். ஆரக்கால் (இரட்டைக்குழலிலிருந்து நடுச்சோடியை நோக்கி நீளும் தண்டு) இல்லாத பிஎஃப்14 என்ற திரிபில் ஒரு தொகுதிப் புள்ளிகள் ஒருசேர மறைந்தன. அந்தத் தொகுதிதான் ஆரக்காலின் உறுப்புகள் என்று அடையாளம் காணப்பட்டது. உண்மையில் பழுதானது ஆர்எஸ்பி3 என்ற ஒரே மரபணு. ஆரக்காலை இரட்டைக்குழலோடு பிணைக்கும் அந்த ஒரு புரதம் இல்லாவிட்டால் முழுக் காலும் நிற்பதில்லை. எந்தப் புரதம் எந்த உறுப்பில் அமர்கிறது என்பதை இப்படி அறிந்தார்கள். இன்றைய நீண்ட பட்டியல்கள் பலவற்றில் இந்தத் தகவல் இருப்பதில்லை.

688 முற்றிலும் வேறு வகை எண். அந்த ஆய்வில் எவரும் குற்றிழையைத் தொடவே இல்லை. மனிதனிடமும் கிளாமிடோமோனாஸிடமும் குற்றிழை உண்டு, அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியிடம் இல்லை. ஆகவே முதல் இரண்டிலும் இருந்து மூன்றாவதில் இல்லாத மரபணுக்களைக் கணினியில் கழித்து எடுத்தார்கள். (தாவரங்கள் எல்லாமே குற்றிழை அற்றவை என்று மேடையில் சொல்லிவிடாதீர்கள், சைகஸின் விந்தணுக்களில் அவை ஏராளம்.) கிடைத்த 688 மரபணுக்கள் குற்றிழைக்கு மட்டுமல்லாமல் அதன் வேரான அடித்துகளுக்கும், அதைக் கட்டும் பணிக்கும் உரியவற்றைச் சேர்த்தவை. அதைவிட முக்கியமான ஒன்று: இந்த முறையின்படி டியூபுலினே பட்டியலில் வராது. அராபிடாப்சிஸிலும் டியூபுலின் இருக்கிறது, ஆக்டின் இருக்கிறது, கால்மோடுலின் இருக்கிறது. எனவே கழித்தலில் அவை எல்லாம் போய்விடும். குற்றிழையின் உடம்பாகவே இருக்கும் புரதம் விடுபடும் ஒரு பட்டியலை அதன் புரத எண்ணிக்கை என்று எழுதக் கூடாது. ஆனால் நோய்க்குக் காரணமான மரபணுவைத் தேடுவதற்கு அது மிக நல்ல வலை. பிபிஎஸ்5 என்ற பரம்பரை நோய் மரபணு அதில்தான் அகப்பட்டது.

2005-ஆம் ஆண்டு முடிவு மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் கிரிகோரி பாஸூர், ஜார்ஜ் விட்மன் ஆகியோர் குழுவினுடையது. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தனித்த பெப்டைடுகள் கிடைத்த புரதங்கள் 360. இரண்டு முதல் நான்கு வரை மட்டும் கிடைத்தவை 292. அதாவது 360-க்கும், இரண்டும் சேர்ந்த 652-க்கும் இடையே உள்ள கோட்டை வரைந்தவர்கள் ஆய்வாளர்களே. 2002-இன் 214-ஐயும் இந்தக் கண்ணோடு பாருங்கள்; அதில் ஒரு பகுதி ஒரே ஒரு பெப்டைடை நம்பிச் சேர்க்கப்பட்டது.

என்னைக் கேட்டால், கிளாமிடோமோனாஸுக்கு 360 என்பதை உறுதியான அடித்தளமாக எழுதி, அறுநூற்றுச் சொச்சம் வரை போகலாம் என்று சேர்ப்பேன். அந்த எண்ணிக்கையில் ஆக்ஸோனீம் மட்டுமல்ல, சவ்வும் உட்சாறும் அடங்கும் என்பதையும் அதே வரியில் சொல்லிவிட வேண்டும்.

மறுமொழி 2: நிறைமானி

இரண்டாவது ஐயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். பாடநூல் சரி, பெப்டைடு எண்ணிக்கையை அளவாகக் கொண்டதுதான் பிழை.

டிரிப்சின் நொதி லைசினுக்கும் ஆர்ஜினினுக்கும் பின்னால் வெட்டும். ஆல்ஃபா டியூபுலினின் நீளம் ஏறத்தாழ 450 அமினோ அமிலங்கள். மனிதனின் வெளி டைனீன் கைக்குரிய (இரட்டைக்குழலிலிருந்து நீளும் டைனீன் தொகுதிகளே கைகள்) டிஎன்ஏஎச்5 கனச்சங்கிலிக்கு 4,624. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு மூலக்கூறுதான் இருந்தாலும் டைனீனிலிருந்து பத்து மடங்கு துண்டுகள் கிடைக்கும். நீளத்தால் வகுக்காமல் வரிசைப்படுத்தினால் நீளமான புரதங்கள்தான் மேலே வரும். டியூபுலினுக்கு வேறு இரு பாதகங்களும் உண்டு. அதன் உடன்பிறப்பு வகைகள் ஒன்றோடொன்று மிகவும் ஒத்திருப்பதால், ஒரு வகைக்கே உரிய தனித்த பெப்டைடுகள் குறைவு. மேலும் அவற்றை வேறுபடுத்திக் காட்டும் வால்பகுதியில்தான் குளூட்டமேட்டுகளும் கிளைசீன்களும் சங்கிலியாக ஒட்டிக்கொள்கின்றன. அந்த வால்துண்டின் நிறை ஒன்றாக இல்லாமல் பலவாகச் சிதறுவதால் தேடுபொறி அதைத் தவறவிடுகிறது.

உண்மையான விகிதத்தைக் கட்டமைப்பிலிருந்தே கணக்கிடலாம், கருவி வேண்டியதில்லை. மனித மூச்சுக்குழல் குற்றிழை ஒன்றை 7 மைக்ரோமீட்டர் நீளம் என்று கொள்வோம். இரட்டைக்குழலின் முழுக்குழலில் 13 நெடுக்கிழைகள், அதோடு ஒட்டிய குறைக்குழலில் 10, ஆக 23. ஒன்பது இரட்டைக்குழல்களுக்கு 207. நடுச்சோடிக்கு 26. மொத்தம் 233 நெடுக்கிழைகள். ஒரு டியூபுலின் இணை 8 நானோமீட்டர் இடத்தை நிரப்புகிறது, எனவே ஓர் இழையில் 875 இணைகள். 233-ஐ 875-ஆல் பெருக்கினால் இரண்டு லட்சத்துக்குச் சற்று மேல்.

இனி டைனீன். ஆக்ஸோனீமின் அமைப்பு 96 நானோமீட்டருக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வருகிறது. 7 மைக்ரோமீட்டரில் அது 73 முறை. ஒன்பது இரட்டைக்குழல்களிலும் சேர்த்து 657 அலகுகள். ஓர் அலகில் 24 நானோமீட்டர் இடைவெளியில் நான்கு வெளிக்கைகள், அப்படியானால் மொத்தம் 2,628. மூன்று ஆரக்கால்கள் வீதம் 1,971. அடுத்தடுத்த இரட்டைக்குழல்களை இணைக்கும் நெக்ஸின் பிணைப்பு அலகுக்கு ஒன்று, அது 657 மட்டுமே. ஆகவே ஒரு வெளிக்கைக்குச் சுமார் 78 டியூபுலின் இணைகள். எடையில் பார்த்தால் இடைவெளி சுருங்கும்: ஒரு வெளிக்கை ஏறத்தாழ 15 லட்சம் டால்டன், ஓர் இணை ஒரு லட்சம் டால்டன், எனவே டியூபுலினின் மொத்த எடை வெளிக்கைகளைவிட ஐந்து மடங்கு.

நுனியருகே குழல்கள் ஒற்றையாகிக் கைகள் இல்லாமல் போவதால் இந்தக் கணக்கு சற்று மிகைதான், ஆயினும் அளவின் தரம் மாறாது. உங்கள் கருத்தரங்கில் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினால், எந்தப் பட்டியலையும்விட நன்றாக நினைவில் நிற்கும் என்று நினைக்கிறேன்.

கடலோர மாணவி

இருவருக்கும் மிக்க நன்றி. 233 என்ற எண்ணை நானே எழுதிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். ஒரு தொடர் கேள்வி. பட்டியல்களில் ஆக்டின், கால்மோடுலின், இனோலேஸ், அடினிலேட் கைனேஸ், ரைபோசோம் புரதங்கள், கெரட்டின் எல்லாம் இருக்கின்றன. இவை மாதிரியைத் தயாரிக்கும்போது செல்லிலிருந்து கலந்துவிட்ட மாசு என்று எடுத்துக்கொண்டு என் அட்டவணையிலிருந்து நீக்கிவிடலாமா?

மறுமொழி 3: நிறைமானி

நீக்காதீர்கள், குறைந்தது மொத்தமாக நீக்காதீர்கள். நீங்கள் எழுதிய ஆறில் முதல் நான்கும் குற்றிழைக்கு உரியவையே.

ஆக்டின் உள் டைனீன் கைகள் சிலவற்றின் உறுப்பு. கால்மோடுலின் ஆரக்காலிலும் நடுச்சோடியிலும் அமர்ந்து கால்சியத்தை உணர்கிறது. இனோலேஸ் குளுக்கோஸ் சிதைவுப் பாதையின் நொதி என்பதால் எவருக்கும் மாசு என்றே தோன்றும், ஆனால் கிளாமிடோமோனாஸ் கசையிழையில் அது நடுச்சோடியோடு பிணைந்திருக்கிறது. டைனீன் ஒவ்வோர் அடிக்கும் ஏடிபியை, அதாவது ஆற்றல் தரும் அடினோசின் டிரைபாஸ்பேட்டைச் செலவழிக்கிறது. கசையிழைக்குள் மைட்டோகாண்ட்ரியா கிடையாது. நுனிவரை ஏடிபி பரவி வருவதை மட்டும் நம்பியிராமல் அங்கேயே உண்டாக்கிக்கொள்ளும் ஏற்பாடு அது. அடினிலேட் கைனேஸும் செலவான இரண்டு அடினோசின் டைபாஸ்பேட்டுகளிலிருந்து ஒரு டிரைபாஸ்பேட்டை மீட்டுத் தருகிறது.

ரைபோசோம் புரதங்களை ஐயத்தோடு பார்ப்பது சரிதான். குற்றிழைக்குள் ரைபோசோம் இல்லை. அங்குள்ள புரதம் அனைத்தும் செல்லின் உடலில் உருவாகி, உட்கசை ஊர்தி என்று நாங்கள் வகுப்பில் சொல்லும் ஐஎஃப்டி தொடர்வண்டிகளின் மூலமோ பரவியோ மேலே போகின்றன. இந்த ஊர்திகள் ஓடுவதை யேல் பல்கலைக்கழகத்தில் ஜோயல் ரோசன்பாம் குழு 1993-இல் கண்டது. கெரட்டினைப் பொறுத்தவரை அது ஆய்வு செய்பவரின் தோலிலிருந்தே வரக்கூடும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் கம்பளிச் சட்டை அணிந்து வந்த ஒருவரின் மாதிரியில் ஆட்டுக் கெரட்டின் வந்து நின்ற கதையை இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

மாசைக் கண்டறியும் முறையான வழி, கழுவிப் பிரித்தல். குற்றிழைகளைக் கழற்றிய பிறகு மென்மையான சோப்புப்பொருளால் சவ்வையும் உட்சாற்றையும் எடுக்க வேண்டும். மிஞ்சிய ஆக்ஸோனீமைச் செறிந்த பொட்டாசியம் குளோரைடில் ஊறவைத்தால் டைனீன் கைகள் கழன்று வரும். ஆரக்கால்களும் குழல்களும் வண்டலில் தங்கும். ஒரு புரதம் எந்தப் பின்னத்தில் குவிகிறது என்பது அதன் முகவரி. நான்கு பின்னங்களிலும் சமமாகச் சிதறிக் கிடப்பது பெரும்பாலும் வழிப்போக்கன். 2005-ஆம் ஆண்டுப் பட்டியலை நான் மற்றவற்றைவிட அதிகம் நம்புவதற்கு இந்தப் பின்ன விவரம் அதில் இருப்பதே காரணம்.

மறுமொழி 4: மூச்சுக்குழல்

நான் நுரையீரல் மருத்துவத் துறையில் இருப்பவன். மேலே கூறியவை எல்லாம் சரியே. நோயாளியின் பக்கத்திலிருந்து பார்க்கும்போது பட்டியலுக்கு வெளியே நிற்கும் புரதங்களும் முக்கியமாகின்றன என்பதைச் சேர்க்க விரும்புகிறேன்.

ஸ்டாக்ஹோமில் பியோர்ன் அஃப்செலியஸ் 1976-இல், விந்தணுவும் மூச்சுக்குழல் குற்றிழையும் அசையாத நோயாளிகளிடம் டைனீன் கைகள் இல்லாததை மின்னணு நுண்ணோக்கியில் காட்டினார். இன்று முதன்மைக் குற்றிழை இயக்கக் கோளாறு என்று அழைக்கப்படும் அந்த நோய்க்கு 50-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் தெரிந்துள்ளன. அவற்றில் டிஎன்ஏஎச்5, டிஎன்ஏஐ1 போன்றவை வெளிக்கையின் உறுப்புகளே. எதிர்பார்த்தபடி, அவை பழுதானால் கை இருப்பதில்லை. ஆனால் டிஎன்ஏஏஎஃப் என்ற பெயரில் வரும் ஒரு தொகுதிப் புரதங்கள் குற்றிழைக்குள் குடியிருப்பவை அல்ல. டைனீன் கைகள் செல்லின் சைட்டோபிளாசத்திலேயே முன்கூட்டிக் கோக்கப்படுகின்றன, அந்த வேலைக்குரிய துணைப்புரதங்கள் இவை. இவை பழுதானால் வெளிக்கை, உள்கை இரண்டுமே காணாமல் போகும். தூய்மையான குற்றிழையை எவ்வளவு துல்லியமாக ஆராய்ந்தாலும் இந்தப் புரதங்கள் அதன் உறுப்புகளாகத் தென்படப் போவதில்லை.

நேர்மாறான நிலையும் உண்டு. டிஎன்ஏஎச்11 பழுதான நோயாளியின் குற்றிழை மின்னணு நுண்ணோக்கியில் இயல்பாகவே தோன்றும், ஆயினும் நோய் இருக்கும். வெளிக்கையில் டிஎன்ஏஎச்5-க்குத் துணையாக, குற்றிழையின் அடிப்பகுதியில் டிஎன்ஏஎச்11-உம் நுனிப்பகுதியில் டிஎன்ஏஎச்9-உம் அமர்கின்றன. அதாவது ஒரே குற்றிழையின் அடியும் நுனியும் ஒரே புரத அமைப்பு உடையவை அல்ல. நிறைமானி அவர்கள் கணக்கிட்ட 2,628 கைகளும் ஒரே வகை என்று கொள்ளக் கூடாது.

கருவின் இடம் வலம் முடிவாவதற்குக் காரணமான முடிச்சுக் குற்றிழைகளில் நடுச்சோடி இல்லை. ஆகையால் டைனீன் பழுதுள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இதயம் உள்ளிட்ட உறுப்புகள் இடம் மாறியிருக்க, நடுச்சோடியின் ஹைடின் புரதமோ ஆரக்காலின் தலைப்பகுதிப் புரதங்களோ பழுதானவர்களிடம் அந்த மாற்றம் காணப்படுவதில்லை. அசையும் குற்றிழை என்ற ஒரே பெயருக்குள் எத்தனை புரதங்கள் என்ற கேள்விக்கு, எந்த உறுப்பின் குற்றிழை என்ற எதிர்க்கேள்வியே முதலில் வர வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மறுமொழி 5: பழுப்புப்பெட்டி

மருத்துவர் கூறியதை ஏற்றுக்கொள்கிறேன். என் முதல் பதிலில் அந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டது குறைதான். அதற்கு ஈடாக, 2005-க்குப் பிறகு நிகழ்ந்த ஒரு மாற்றத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

நுண்குழலின் உட்பக்கம் வெற்றிடம் என்றே நெடுங்காலம் வரைந்துவந்தோம். உறைநிலை மின்னணு நுண்ணோக்கியின் தெளிவு கூடியதும், உட்சுவரில் புரதங்கள் வலைபோல் பின்னியிருப்பது தெரிந்தது. கிளாமிடோமோனாஸ் இரட்டைக்குழலின் உள்ளே 33 வகைப் புரதங்கள் 2019-இல் அடையாளம் காணப்பட்டன. பசுவின் மூச்சுக்குழல் குற்றிழையில் 2021-இல் 29. பசுவில் டெக்டின் என்ற புரதத்தின் இழைகள் முழுக்குழலுக்குள் ஒரு கட்டாகவே நெடுக ஓடுகின்றன. பாசியில் அப்படிப்பட்ட கட்டு இல்லை. இந்தப் புரதங்களில் பல முன்னரே 360 பேர் கொண்ட பட்டியலில் பெயரளவில் இருந்தவைதான், இடம் தெரியாமல் எண்ணால் மட்டும் அழைக்கப்பட்டு வந்தன. நிறை நிறமாலை பெயர்களைத் தந்தது, நுண்ணோக்கி அவற்றுக்கு நாற்காலி போட்டது.

96 நானோமீட்டர் எங்கிருந்து வருகிறது என்று யாராவது உங்களைக் கேட்கக்கூடும். டோக்கியோ பல்கலைக்கழகக் குழு 2014-இல் காட்டியபடி, மனிதனின் சிசிடிசி39, சிசிடிசி40 ஆகியவற்றுக்கு இணையான இரு பாசிப் புரதங்கள் சுருள்வடிவில் நீண்டு படுத்து அளவுகோலாக இருக்கின்றன. அவற்றின் நீளத்தை மரபணுவில் கூட்டியபோது அந்த இடைவெளியும் கூடியது. மனிதனில் இவை பழுதானால் உள்கைகள் மறைவதோடு குழல்களின் ஒழுங்கும் குலைகிறது.

கடலோர மாணவி

இந்த உரையாடலுக்குப் பிறகு என் முதல் படவில்லையில் ஒற்றை எண்ணை எழுதும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். இடப்பக்கம் 96 நானோமீட்டர் அலகு ஒன்றை வரைந்து, அதில் எந்த உறுப்பு எத்தனை முறை வருகிறது என்று குறிக்கப் போகிறேன். வலப்பக்கம் நான்கு ஆய்வுகளும் எதை எண்ணின என்ற அட்டவணை. ஆரக்கால் மூன்று என்று கிளாமிடோமோனாஸ் படத்திலேயே குறித்துவிட்டேன். அது சரியா?

மறுமொழி 6: நிறைமானி

அங்கே ஒரு திருத்தம் தேவை. நான் கணக்கிட்டது மனிதக் குற்றிழைக்கு. அதில் மூன்றும் முழு ஆரக்கால்கள். கிளாமிடோமோனாஸில் முதல் இரண்டு மட்டுமே முழுமையானவை. மூன்றாவது இருக்கும் இடத்தில் நடுச்சோடியை எட்டாத ஒரு குட்டைத் தண்டுதான் உண்டு. பாசியின் படமாக வரைவதானால் அதைக் குட்டையாகவே வரையுங்கள்.